கடலூரில் ஆளுயரத்தைத் தாண்டிய ராக்கெட் மாடல்: எதை, எந்த அளவில், எதனால் செய்வது?

பைப் கடையில் 140 என்று அச்சடித்திருந்த பி.வி.சி. குழாயைச் சுற்றி டேப்பை வைத்தோம். சுற்றளவு 44 செ.மீ. பள்ளிக்கூடக் கணக்குதான்: 44-ஐ 22/7-ஆல் வகுத்தால் 14. பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தின் விட்டம் 2.8 மீட்டர், அதை 20-ஆல் வகுத்தாலும் 14 செ.மீ. குழாயின் பெயரில் இருக்கும் எண் மில்லிமீட்டரில் அதன் வெளிவிட்டம் என்பதால் இப்படி நேராகப் பொருந்துகிறது. பக்கத்தில் கிடந்த 160 குழாயைப் பார்த்தோம்: பி.எஸ்.எல்.வி. தலையில் இருக்கும் வெப்பக் கவசம் 3.2 மீட்டர், இருபதில் ஒரு பங்கு 16 செ.மீ. பக்கவாட்டுப் பூஸ்டர்கள் 1 மீட்டர் விட்டம், அதற்கு 50 குழாய். வீட்டுக்கு வீடு பதிக்கிற குழாய்களுக்குள் ஒரு பி.எஸ்.எல்.வி. முழுதாக ஒளிந்திருந்தது.

அன்று எங்களுக்கு வந்த பரவசத்தில் அப்படியே பணத்தைக் கட்டி வாங்கியிருப்போம். கூட வந்த பிளம்பர் அண்ணன்தான் தடுத்தார். "மொதல்ல என்ன செய்யப் போறோம்னு முடிவு பண்ணுங்க. குழாய் எங்கயும் போயிடாது" என்றார். அந்த முடிவுக்கு வர எங்களுக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. குழுவாகச் சேர்ந்து பெரிய மாடல் செய்ய நினைக்கும் வேறு யாருக்காவது உதவும் என்றுதான் அந்த ஏழு வாரப் பேச்சை எழுதுகிறேன்.

நாங்கள் பதினோரு பேர். பாதிப் பேர் கடலூர், மீதிப் பேர் முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம். ஒருவர் தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் போட் கட்டுபவர், ஒருவர் பிளம்பர், இரண்டு பாலிடெக்னிக் பையன்கள், ஓர் ஓய்வுபெற்ற மின்வாரியப் பணியாளர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை. நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன். இந்தப் பட்டியலை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. எங்கள் முடிவுகளில் பாதியை யார் கையில் என்ன வேலை இருக்கிறது என்பதே தீர்மானித்தது.

பறக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா

"தம்பி, நிக்க வைக்கணுமா, பறக்க விடணுமா? அத மொதல்ல சொல்லு. அதுக்கேத்த மாதிரிதான் மேட்டு போடணும்." போட் பட்டறை அண்ணன் முதல் கூட்டத்திலேயே கேட்டது இதுதான். மேட்டு என்று அவர் சொன்னது ஃபைபர் வேலைக்கு ரெசினில் நனைத்து அடுக்கும் கண்ணாடியிழை விரிப்பை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உடனே, "பறக்காத ராக்கெட்டு எதுக்கு சார்?" என்றது. அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நியாயமான கேள்வி.

பெரிய மாடலைப் பறக்க விட்டவர்கள் இருக்கிறார்கள். 2009 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் மேரிலாந்தில் ஸ்டீவ் ஈவ்ஸ் என்பவர் சாட்டர்ன் 5-ஐப் பத்தில் ஒரு பங்கு அளவில், 36 அடி உயரத்தில் செய்து ஏவினார். எடை ஏறக்குறைய 750 கிலோ. நடுவில் ஒரு 'பி' (P) வகை மோட்டார், சுற்றிலும் எட்டு 'என்' (N) வகை மோட்டார். மேலே போய், பாராசூட்டில் பத்திரமாக இறங்கியது. ஆனால் அங்கே அதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மோட்டார்களை அவற்றின் மொத்த உந்தத்தை (உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கி வருவது) வைத்து ஆங்கில எழுத்து வரிசையில் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும். 'எச்', 'ஐ' வகை மோட்டார் வாங்க முதல் நிலைச் சான்றிதழ் வேண்டும், 'ஜே' முதல் 'எல்' வரை இரண்டாம் நிலை, 'எம்' தொடங்கி மூன்றாம் நிலை. தொழிற்சாலையில் செய்து சோதித்த மோட்டாரைச் சான்றிதழ் காட்டி வாங்குகிறார்கள்.

நம் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நாங்கள் நினைத்த அளவில் மாடல் 20 கிலோ வரும். ஏவுதளத்தை விட்டு நேராகக் கிளம்ப எடையைப் போல் ஐந்து மடங்கு உந்துவிசை இருக்க வேண்டும் என்பது பொழுதுபோக்கு ராக்கெட்காரர்களின் கைக்கணக்கு. அப்படியானால் 100 கிலோ விசை, அதாவது சுமார் 1000 நியூட்டன். அது 2 வினாடி எரிந்தால் 2000 நியூட்டன்-வினாடி. எழுத்து வரிசையில் 'கே'. அந்த மோட்டாரை நம் ஊரில் கடையில் போய் வாங்க முடியாது. தானே செய்கிறேன் என்று இறங்கினால் அது வெடிபொருள் தயாரிப்பு. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் உரிமமின்றி அதைச் செய்ய விடுவதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பட்டாசுப் பட்டறை விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் தெருவே அடங்கிப்போகும் மாவட்டம் இது. பதினைந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பொட்டாசியம் நைட்ரேட்டையும் சர்க்கரையையும் அடுப்பில் காய்ச்சும் காரியத்துக்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். இணையத்தில் செய்முறை கிடைக்கிறது என்பது ஒரு காரணமே ஆகாது.

இடமும் இல்லை. கிழக்கே கடற்கரை முழுக்க மீனவர் ஊர்கள், தெற்கே சிப்காட் ரசாயன ஆலைகள், வடக்கே புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையம். 20 கிலோ எடை பாராசூட் விரியாமல் கீழே வந்தால் எங்கே விழும் என்று யாராலும் கைகாட்ட முடியாது. அனுமதி கேட்பதென்றாலும் கடலூர் ஒரு மாநில நிர்வாகம், பாகூர் ஒரு யூனியன் பிரதேச நிர்வாகம்.

ஆகவே பெரியது நிற்கும். பறப்பதற்குத் தண்ணீர் ராக்கெட். இரண்டையும் ஒரே உடம்பில் கேட்டால் இரண்டும் கெடும் என்பது என் உறுதியான கருத்து. பறக்கும் உடம்பு லேசாக இருக்க வேண்டும், நிற்கும் உடம்பு கனமாக இருக்க வேண்டும். பறப்பதற்கு ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு விட்டம் தள்ளி இருக்க வேண்டும் என்பதால் மூக்கில் எடை கட்டுவார்கள். நிற்பதற்கு அடியில் எடை வேண்டும்.

தண்ணீர் ராக்கெட்டைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பில் 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், பத்து மீட்டர் தள்ளி நின்று கயிற்றை இழுப்பது. இவ்வளவுதான் எங்கள் முறை. பாட்டிலைப் புதிதாக எடுக்கும்போது முழுக்கத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். தண்ணீர் சுருங்காததால் பாட்டில் கிழிந்தாலும் ஒழுகுமே தவிர வெடிக்காது. மீதமான பி.வி.சி. துண்டில் மட்டும் காற்றடைத்துப் பார்க்காதீர்கள். பெட் பாட்டில் கிழியும், பி.வி.சி. சில்லு சில்லாகத் தெறிக்கும். ஏவ இடம் பாகூரில் அறுப்பு முடிந்த வயல். கடலூர் சில்வர் பீச்சில் விடலாம் என்று சிலர் சொன்னார்கள். காலையில் கரைக்காற்று பாட்டிலைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும், மதியத்துக்கு மேல் கடற்காற்று கூட்டத்துக்குள் கொண்டுவரும். இரண்டும் வேண்டாம்.

எந்த ராக்கெட்

இங்கேதான் சண்டையே. பையன்கள் இருவருக்கும் எல்.வி.எம்.3. சந்திரயான்-3-ஐ 2023 ஜூலை 14 அன்று ஏற்றிக்கொண்டு போனது அதுதானே. அளவும் அழகாகப் பொருந்துகிறது: நடு உடம்பு 4 மீட்டர், பக்கத்து எஸ்200 பூஸ்டர்கள் 3.2 மீட்டர், தலைக் கவசம் 5 மீட்டர். இருபதில் ஒரு பங்கு என்றால் 200, 160, 250. மூன்றும் கடையில் இருக்கும் குழாய்கள். உயரம் 43.5 மீட்டரிலிருந்து 2.2 மீட்டராகும், ஏழேகால் அடி. ஆனால் தலை உடம்பைவிடப் பருமன். 250 குழாயின் எடை முழுவதும் உச்சியில் போய் உட்காரும். பூஸ்டர்களின் மூக்கு வேறு உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வைக் குழாயில் வெட்டி எடுக்க முடியாது, இடம் வலம் என்று இரண்டு தனி அச்சுகள் வேண்டும். முதல் வேலையாக அதை எடுக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

பி.எஸ்.எல்.வி. பரிச்சயமான முகம். சந்திரயான்-1, மங்கள்யான் இரண்டையும் கொண்டுபோனது. ஆனால் பி.எஸ்.எல்.வி. என்று பொதுவாகச் சொன்னால் மாடல் செய்ய முடியாது. பூஸ்டரே இல்லாத வகை, இரண்டு, நான்கு, ஆறு வைத்த வகைகள் என்று இருக்கின்றன. எந்த நாள் பறந்தது என்பதைத் தீர்மானித்துக்கொண்டு அந்தப் படங்களையே பின்பற்ற வேண்டும். இருபதில் ஒரு பங்கு 2.2 மீட்டர், குட்டி யானையின் ஏழடித் தொட்டியில் சற்றே வெளியே நீட்டிக்கொண்டு போய்விடும். பள்ளி பள்ளியாகக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் நோக்கம் என்றால் இதைவிட நல்ல தேர்வு இல்லை. பத்தில் ஒரு பங்கு என்றால் 4.4 மீட்டர் கம்பீரம் வரும், ஆனால் குழாய்க் கணக்கு உடைந்துவிடும். 280-உம் 320-உம் வேண்டும். கையில் கிடைப்பது 315. பூஸ்டருக்கு 100 வேண்டும், கிடைப்பது 110. பத்து சதவீதப் பருமன் கண்ணுக்குத் தெரியும்.

மின்வாரியப் பெரியவர் ஒரு யோசனை வைத்தார்: "ஏன் சார், அசலையே செய்யக் கூடாதா?" கேரளத்தின் தும்பாவிலிருந்து ஏவும் ரோகிணி ஆர்.எச்.200 என்ற சிறிய ஆய்வு ராக்கெட்டைச் சொன்னார். விட்டம் பெயரிலேயே இருக்கிறது, 200 மி.மீ. உயரம் 3.6 மீட்டர்தான். முழு அளவில், ஒன்றுக்கு ஒன்று! மேல் கட்டம் ஒல்லி, துடுப்புகள் எளிது. மூன்று நான்கு பேர் கொண்ட சின்னக் குழுவுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எங்கள் பதினோரு பேருக்கு அதில் வேலை போதாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

கடைசியில் நின்றது இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3. 22 மீட்டர் உயரம், 17 டன், நான்கு கட்டமும் திட எரிபொருள். 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் முறை போய், ஐந்தே நிமிடத்தில் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். அவர் பெயரில் லாஸ்பேட்டையில் ஒரு அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. எங்கள் பாகூர்ப் பிள்ளைகளுக்கு அது சுற்றுலாவாகப் போய்வந்த இடம். ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் உயரம் 4.4 மீட்டர். முதல் கட்டம் 1 மீட்டர் விட்டம், அதற்கு 200 குழாய். இரண்டாம் கட்டம் 0.8 மீட்டர், அதற்கு 160 குழாய். பருமனான கட்டம் கீழே இருப்பதால் எடை இயல்பாகவே அடியில் தங்குகிறது. கட்டம் மாறும் இடத்தில் பிரித்து இரண்டு துண்டாக வண்டியில் ஏற்றலாம். அடியில் துடுப்புகள் இருப்பதால் யார் பார்த்தாலும் ராக்கெட் என்று சொல்லும் வடிவம். பிளம்பருக்குக் குழாய், போட்காரருக்கு மூக்கும் துடுப்பும், பையன்களுக்கு அளவும் வரைபடமும், மின்வாரியப் பெரியவருக்கு உள்விளக்கு, பிள்ளைக்கு எழுத்தும் வண்ணமும் என்று எல்லார் கைக்கும் வேலை வந்தது. பையன்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முதல் தோல்வியைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, அவர்களே வரைபடம் போட ஆரம்பித்தார்கள்.

எதனால்

மூன்று வழிகள் பேசினோம்: பி.வி.சி., ஃபைபர், காகிதம்.

காகிதத்தை நான் மனசார விரும்பினேன். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் உடம்புக்கு, காகிதக்கூழ் மூக்குக்கு என்று இருந்தால் செலவும் எடையும் பாதியாகும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய தெருவில்தான் எங்கள் பட்டறை இருக்கிறது. கட்டடத்துக்குள் நிரந்தரமாக வைக்க இடம் இருக்கிறவர்கள் தயங்காமல் காகிதத்துக்குப் போகலாம்.

முழு ஃபைபர் லேசு. சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு, கிலோ மேட்டுக்கு இரண்டரைக் கிலோ ரெசின் என்று போட்டால், 200 மி.மீ. உருளைக்கு மீட்டருக்கு 2 கிலோதான் வரும். அதே அளவு பி.வி.சி., சுவர் 4.5 மி.மீ. என்றால், மீட்டருக்கு 4 கிலோ. ஆனால் நிற்கிற மாடலுக்கு லேசு ஒரு சிறப்பு ஆகாது. ஒவ்வொரு உருளைக்கும் அச்சு, மெழுகு, தேய்ப்பு என்று வேலை மூன்று மடங்கு. இதற்கும் மேலே பாதுகாப்பு: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிடவே கூடாது, தீப்பற்றும். ரெசினில் முதலில் ஆக்சிலரேட்டரைக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். போட் அண்ணன் இரண்டு டப்பாவையும் பட்டறையின் இரண்டு மூலைகளில் வைத்திருப்பார். மே மாத வெயிலில் ஒரு நாள், நேரம் மிச்சம் என்று ஒரு லிட்டரை ஒரே மக்கில் கலந்துவிட்டேன். சில நிமிடத்தில் மக்கு கையில் சுட்டது, புகைந்தது, உள்ளே கல்லாகி விட்டது. அதிலிருந்து கால் லிட்டருக்கு மேல் கலப்பதில்லை, அதையும் காலை எட்டு மணிக்குள்.

ஆகவே கலப்பு: உடம்புக்கு பி.வி.சி., மூக்குக்கும் துடுப்புக்கும் கட்டம் ஒடுங்கும் கழுத்துக்கும் ஃபைபர். இதில் நாங்கள் ஒரு தவறு செய்து கற்றோம். சோதனைக்கு ஒரு துடுப்பைக் குழாயின் மேலேயே நேரடியாக மேட் போட்டு ஒட்டினோம். உறுதியாகத்தான் இருந்தது. மாடியில் ஒரு வாரம் வெயில் பட்டதும், கையால் தொட்டபோது மாம்பழத் தோல் போல முழுசாக உரிந்து வந்தது. பாலியஸ்டர் ரெசின் பி.வி.சி.யைச் சரியாகப் பிடிப்பதில்லை. இப்போது துடுப்பின் அடியில் இரண்டு பக்கமும் காது மடித்து, குழாயின் உள்ளே பிளைவுட் வளையம் வைத்து, துருப்பிடிக்காத எஃகு திருகாணியில் முடுக்குகிறோம். சாதாரண இரும்புத் திருகாணி கடற்காற்றில் பழுப்பு வழியும். வெள்ளைப் பெயிண்டில் அது ஒரு பருவத்தில் தெரிந்துவிடும்.

நான்கு துடுப்பையும் சரியாகக் கால்வட்டத்தில் வைக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி வெட்டி, இரண்டு முறை மடித்துப் பிரித்தால் நான்கு கோடு கிடைக்கும். அந்தப் புள்ளியிலிருந்து நீளவாக்கில் நேர்கோடு போட ஓர் எல் ஆங்கிளைக் குழாயின் முதுகில் கவிழ்த்து வைத்தால் போதும். இரண்டு விளிம்பும் தானாக உட்கார்ந்துகொள்ளும், எவ்வளவு நீளமானாலும் கோடு கோணாது. பிளம்பர் அண்ணன் இதை அரை நிமிடத்தில் செய்து காட்டினார். நான் அதற்கு முந்தைய நாள் நூல் கட்டி ஒரு மணி நேரம் போராடியிருந்தேன்.

எங்கே நிறுத்துவது

வெளியில் நிரந்தரமாக நிறுத்தும் எண்ணம் இருந்தது. கணக்கு அதை மாற்றியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையேறியது. காற்று மணிக்கு 140 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், எங்கள் மாடலின் மேல் சுமார் 60 கிலோ எடை பக்கவாட்டில் சாய்ந்து தள்ளுவதற்குச் சமம், அதுவும் தரையிலிருந்து ஏழடி உயரத்தில். பூஸ்டர்களோடு பத்தில் ஒரு பங்கு பி.எஸ்.எல்.வி. என்றால் 100 கிலோவையும் தாண்டும். காங்கிரீட் அடித்தளம் போட்டால் தாங்கும். எங்களிடம் சொந்த இடமில்லை. ஆகவே தை முதல் புரட்டாசி வரை வெளியில், மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டி. ஐப்பசி பிறந்ததும் கழற்றி உள்ளே. இரண்டு துண்டாகப் பிரியும் எஸ்.எல்.வி.-3-க்கு இங்கேயும் ஒரு மதிப்பெண் கூடியது.

உள்ளே படுக்க வைப்பதிலும் கவனம் வேண்டும். பி.வி.சி. குழாயை இரண்டு நுனியில் மட்டும் தாங்கி வெயில் படும் கூரையடியில் போட்டால் நடுவில் தொய்ந்து, அந்த வளைவு அப்படியே நிலைத்துவிடும். இரண்டடிக்கு ஒரு கட்டை கொடுக்கிறோம்.

மூக்குக்கான அச்சு வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை வார்க்கும் ஒரு வீட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தயாராகிக்கொண்டிருக்கிறது, நடுவில் பிரியும் இரண்டு பாதியாக. தகர வார்ப்புருவை வெட்டிக் கொடுத்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. வளைவை மூன்று முறை திருத்தி வரைந்தது. பாகூர் வயலில் விடப்போகும் தண்ணீர் ராக்கெட்டுக்கும் அதே மூக்கைச் சிறிதாகச் செய்து மாட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அறுப்பு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.